தொட்டிக்குள் ஓர் உப்பளம்

ஏப்ரல் 28
பரமக்குடியில் கல்யாணம் முடித்து, ஐந்து நாள் கழித்து இன்று மத்தியானம்தான் மண்டபம் வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. கடல் மீன் தொட்டிக்குக் கீழே, வழியும் தண்ணீர் சேரும் கீழ்த்தொட்டியின் மோட்டார் காற்றை இழுத்துக் கொறகொறவென்று கத்திக்கொண்டிருந்தது. ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். 39. போகும்போது 35 இருந்தது. கோமாளி மீன் ஜோடி மூலையில் ஒதுங்கி வேகவேகமாகச் செவுள் அடித்துக்கொண்டிருந்தது.

மேலும் கீழுமாக 200 லிட்டர். அதில் 20 லிட்டர் ஆவியாகிவிட்டது. உப்பு ஆவியாகாதே, அது அப்படியே கிடக்கிறது. போன தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால் மீனுக்கு இன்னோர் அடி. இரண்டு நாளாகப் பிரித்து லிட்டர் லிட்டராக விடப்போகிறேன்.

ஏப்ரல் 30
கேன் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "ஏந்தம்பி, வாசல்ல எறங்குனா கடலு. ரெண்டு கொடம் மோந்து ஊத்தாம காசு குடுத்து வாங்குறியே?"

"வாலிநோக்கம் உப்பளத்துல என்னக்கா பண்றாங்க? பாத்தி வத்த வத்தக் கடல் தண்ணியத்தான விடுறாங்க. நானும் அப்படி விட்டா இங்கயும் உப்பு அள்ளலாம்."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. என் மச்சானுக்கு இதை விளங்கவைக்க ஒரு வருஷம் ஆனது. தொட்டித் தண்ணீரை மாற்றும்போது மட்டும்தான் கடல் தண்ணீர். அதுவும் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, கிளம்பிவிட்டால் தென்கடலான மன்னார் வளைகுடா கலங்கிவிடும், வடகடலான பாக் விரிகுடாவுக்குப் போகவேண்டும். ஆவியாவதை ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான், அதிலும் ஆர்ஓ தண்ணீர். வீட்டு போர்த் தண்ணீர், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 1,900 காட்டுகிறது. அதை நாள்தோறும் ஊற்றினாலும் உப்பளம்தான், கொஞ்சம் மெதுவாக.

மே 3
கண்ணாடியில் டேப் ஒட்டிக் கணக்குப் பார்த்தேன். தொட்டிமேல் மின்விசிறி ஓடினால் ஒரு நாளைக்கு 4 லிட்டர் குறைகிறது. விசிறியை நிறுத்தலாமென்றால் கத்திரி வெயிலில் தண்ணீர் சுட்டுவிடும். ஆவியாவதால்தானே குளிர்கிறது.

தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஊருக்கு ஓய்வு, எஞ்சின் மெக்கானிக்கான எனக்கு மூச்சுவிட நேரமில்லை. கையால் ஊற்றுவது நடக்காது.

மே 5
பிளம்பிங் கடையில் மிதவை வால்வு கேட்டேன். பித்தளையை எடுத்து நீட்டினார்கள். உப்புத் தண்ணீரில் பித்தளை கரைந்து செம்பு கசியும். மீன் தாங்கினாலும் தாங்கும், நத்தையும் துறவி நண்டும் செத்துப்போகும். பிளாஸ்டிக்கில் வாங்கினேன். 40 லிட்டர் டிரம்மை ஸ்டூல்மேல் ஏற்றிக் குழாய் இழுத்துவிட்டேன். கரண்ட் தேவையில்லை என்பதில் கொஞ்சம் பெருமை.

மே 9
பெருமை நாலு நாள். வால்வின் முட்டுக்கையில் உப்புப் பொருக்கு படிந்து, மிதவை மேலே வராமல் சிக்கிக்கொண்டது. காலையில் எழுந்து பார்த்தால் கீழ்த்தொட்டி விளிம்புவரை நிற்கிறது. டிரம்மில் 25 லிட்டரைக் காணோம். அளவு 31. துறவி நண்டு ஒன்று கூட்டைவிட்டு வெளியே செத்துக் கிடந்தது.

மே 10
படகில் எஞ்சின் ரூமில் தேங்கும் தண்ணீரை இறைக்கவும் மிதவையால் இயங்கும் ப்ளோட் சுவிட்ச்தான். எத்தனை மாட்டியிருப்பேன்! அங்கே பம்பு ஓடாமல் போனால்தான் ஆபத்து, படகு முங்கிவிடும். ஓடிக்கொண்டே இருந்தால் பம்பு கருகும், அவ்வளவுதான். என் தொட்டியில் நேர்த் தலைகீழ். ஒரு நாள் ஓடாவிட்டால் உப்பு ஒரு புள்ளிகூட ஏறாது, நிற்காவிட்டால் ஒரே ராத்திரியில் எல்லாம் போச்சு. இருபது வருஷம் இதே வேலை பார்த்தவனுக்கு இது முன்னாடியே தோன்றியிருக்க வேண்டும்.

மட்டம் பார்த்துத் தானாகத் தண்ணீர் விடும் பம்புக் கருவி விற்கும் சென்னைக் கடைக்காரர் போனில் "ரொம்ப அக்யூரேட் சார், ஒரு மில்லிமீட்டர்" என்றார். "கெட்டுப்போனா எப்படிக் கெடும்?" என்று கேட்டேன். "நம்மது கெடாது சார்." வைத்துவிட்டேன்.

மே 16
வேறொருவரிடம் வாங்கியாயிற்று. முதல் காவல் ஒளி சென்சார். முனை காற்றில் இருந்தால் உள்ளே விடும் அகச்சிவப்பு ஒளி திரும்பி வரும், தண்ணீரில் இருந்தால் வெளியே போய்விடும். அசையும் பாகம் கிடையாது. ஆனால் பாசியோ குமிழியோ ஒட்டினால் ஏமாறும். அதனால் இரண்டு விரல் மேலே தனியாக ஒரு ப்ளோட் சுவிட்ச், தண்ணீர் அதைத் தொட்டால் பம்புக்கு மின்சாரம் கிடையாது. மூன்றாவது, ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாமல் ஓடினால் தானே நின்று கூவும்.

மூன்றையும் நம்பவில்லை. 40 லிட்டர் டிரம்மை ஓரங்கட்டிவிட்டு 12 லிட்டர் கேன் வைத்தேன். மொத்தமும் கொட்டினால்கூட உப்பு 33க்குக் கீழே இறங்காது. மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பவேண்டும், பரவாயில்லை. மறந்து ஐந்து நாள் ஊருக்குப் போனாலும் 36.5தான், 39 ஆகாது.

கேனைத் தரையில் வைத்தேன். ஸ்டூலில் வைத்தால் பம்பு நின்ற பிறகும் தண்ணீர் தானாக வழிந்து இறங்கும். குழாய் முனையைத் தண்ணீருக்கு மேலே கட்டினேன், இல்லையென்றால் உப்புத் தண்ணீர் கேனுக்குத் திரும்பும்.

மே 22
சாயங்காலத்துக்குள் ஆறு தடவை கரண்ட் போய்வந்தது. இரவு பார்த்தால் கேனில் எதிர்பார்த்ததைவிட ஒன்றரை லிட்டர் குறைவு. உட்கார்ந்து பார்த்தபிறகு புரிந்தது. கரண்ட் வந்ததும் மோட்டார் கீழ்த்தொட்டியை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. மேலிருந்து வழிந்து திரும்பும்வரை கீழ்த்தொட்டியில் சென்சார் இருக்கும் தடுப்பில் மட்டம் தாழ்கிறது. தண்ணீர் குறைந்துவிட்டதென்று அது நினைத்துக்கொள்கிறது.

பரணில் பழைய ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் கிடந்தது. கரண்ட் வந்து மூன்று நிமிடம் கழித்துத்தான் உள்ளே விடும். அதன் வழியாக இதைச் சொருகினேன். செலவு பூஜ்யம். வீட்டுக்காரி சொன்னாள்: "அதத்தான போன மாசம் பழைய இரும்புக்குப் போடுறேன்னு நின்னீங்க?"

ஜூன் 13
மூன்று வாரமாக 35, ஒருநாள் மட்டும் 34.5. ஞாயிறுதோறும் பழைய பல்துலக்கியால் சென்சார் முனையைத் தேய்க்கிறேன், ப்ளோட்டை விரலால் தூக்கிப் பம்பு நிற்கிறதா பார்க்கிறேன். போன ஞாயிறு ப்ளோட்டின்மேல் ஒரு நத்தை சவாரி. சின்னப் பிளாஸ்டிக் வலை சுற்றிவிட்டேன்.

நாளையோடு தடை முடிகிறது. துறையில் ஐஸும் டீசலும் ஏற்றுகிறார்கள், என்னுடைய இரண்டு எஞ்சின் இன்னும் புகை கக்குகிறது. கேனில் கால்வாசிதான் மிச்சம். நிரப்பச் சொல்லி மகளிடம் சொன்னேன், கோட்டுக்கு மேலே ஒரு சொட்டுக்கூட வேண்டாமென்று.