நீலகிரி மலை ரயிலும் அதன் நீராவி என்ஜின்களும்

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணியளவில் கிளம்பும் மலை ரயிலில் என்ஜின் முன்னால் இருப்பதில்லை. ஏற்றத்தில் இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டிகள் பின்னோக்கி உருண்டுவிடக் கூடாது என்பதற்காக, அது கடைசியில் நின்று அவற்றைத் தள்ளிக்கொண்டே மலையேறுகிறது. ஓட்டுநருக்கு முன்னே உள்ள பாதை தெரியாது என்பதால், ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக்கைக் கையாளும் ஊழியரான ஒரு பிரேக்ஸ்மேன் நின்று, கொடியசைத்தும் விசிலடித்தும் செய்தியைப் பின்னுக்குக் கடத்துகிறார். இந்த ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் என்ஜினைக் கொண்டாடும் அளவுக்கு இந்த மனிதர்களைக் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்.

கல்லாறு வரையுள்ள 8 கிலோமீட்டர், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே செல்லும் சாதாரணப் பாதைதான். அதன் பிறகே பல்சக்கரப் பாதை தொடங்குகிறது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, பற்கள் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் அருகருகே பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு அமைத்திருப்பதால், என்ஜினின் பல்சக்கரத்துக்கு எந்த நொடியிலும் பிடி நழுவுவதில்லை. 12 அடி சென்றால் 1 அடி உயரும் ஏற்றம், குன்னூர் வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டருக்கு இப்படித்தான் கடக்கப்படுகிறது.

ஹில்குரோவில் தண்ணீர் நிரப்ப ரயில் நின்றபோது இறங்கி, என்ஜினின் பக்கவாட்டில் நெடுநேரம் நின்று பார்த்தேன். ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் உருவான 'எக்ஸ்' வகை என்ஜின் இது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர்கள். கொதிகலனிலிருந்து வரும் உயரழுத்த நீராவி முதலில் கீழே உள்ள சிலிண்டரில் புகுந்து, தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கே வேலை முடிந்து அழுத்தம் குறைந்த அதே நீராவி வீணாகாமல் மேல் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தை இயக்குகிறது. சமவெளியில் பல்சக்கரத்துக்கு வேலையில்லாததால், நீராவி நேரே வெளியேறிவிடுகிறது. எண்ணெயும் வெந்நீரும் சொட்ட, பெருமூச்செறிந்து நின்ற அந்த இரும்புக்குள் இவ்வளவு நுட்பமான கணக்கு இருப்பதை நினைக்கையில் எனக்கு மலைப்பாக இருந்தது.

1854-லேயே பேசப்பட்ட இந்தப் பாதையின் பணி 1891-இல்தான் தொடங்கியது. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் ரயில் ஓடியது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைப்பாதைகள், ஏறக்குறைய 250 பாலங்கள். யுனெஸ்கோ 2005-இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆனால் பட்டம் கிடைத்துவிட்டதால் மட்டும் ஒரு ரயில் ஓடிவிடாது. கடைசியாக வந்த ஸ்விஸ் என்ஜின்களே 1950-களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு உதிரிபாகம் கடையில் கிடைப்பதில்லை, ஒவ்வொன்றையும் செய்துதான் ஆக வேண்டும். டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ஓர் எக்ஸ் வகை என்ஜின் நிற்கிறது. அதுவும் பாதுகாப்புதான் என்றாலும், ஓடாத என்ஜினைப் பழுதுபார்க்கும் திறமை ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடும். அந்த வகையில் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை செய்ததை நான் மிகப் பெரிய காரியமாகக் கருதுகிறேன். அங்குள்ள தொழிலாளர்கள் 2011 முதல் சில ஆண்டுகளில், பர்னஸ் ஆயில் எனும் உலை எண்ணெயில் இயங்கும் நான்கு எக்ஸ் வகை என்ஜின்களைப் புதிதாகவே கட்டிக் கொடுத்தார்கள். 2021-இல் நிலக்கரியில் இயங்கும் ஒன்றையும் உருவாக்கினார்கள். கொதிகலன் கட்டவும் பல்சக்கரம் பொருத்தவும் தெரிந்த கைகள் நம் ஊரிலேயே இன்றும் இருப்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் பாதை அடிக்கடி மூடப்படும் என்பதால், அந்த மாதங்களில் போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. குன்னூரில் என்ஜின் மாறி, அங்கிருந்து உதகைக்குப் பெரும்பாலும் டீசல் என்ஜினே ரயிலைக் கொண்டுசெல்கிறது. ஆகவே நீராவியைக் காண வருகிறவர்கள் உதகையில் ஏறி குன்னூரில் இறங்கிவிடாமல், மேட்டுப்பாளையம் – குன்னூர் பகுதிக்கே முன்பதிவு செய்ய வேண்டும்.