எம்விபி யாருக்கு?

"அதிகப் புள்ளி எடுத்தவனுக்குக் கொடுத்துட்டுப் போங்கப்பா!" அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருது பற்றித்தான், காலையிலிருந்து டைம்லைன் முழுக்க இதே சண்டை.

எம்விபி வாக்குச்சீட்டில் ஐந்து பெயர். முதலிடத்துக்கு 10 புள்ளி, அடுத்து 7, 5, 3, 1. லீக் ஆட்டங்கள் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபுக்கு முன்பே வாக்கு போய்விடும். அங்கே யார் கலக்கினாலும் கணக்கில் வராது.

இப்போது எல்லோரும் தூக்கிப் பிடிப்பது ஆன்-ஆஃப் கணக்கு: ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது அணி எத்தனை முன்னே, பெஞ்சில் உட்கார்ந்தால் எத்தனை பின்னே.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. மாற்று ஆட்டக்காரர் படுமட்டம் என்றால் நட்சத்திரத்தின் எண் தானாக ஊதிவிடும். நல்ல பெஞ்ச் உள்ள அணிக்காரருக்கு அதுவே தண்டனை.

அதனால் 'ஆன்' எண்ணைத் தனியாகப் பாருங்கள். பிறகு அணியின் இன்னொரு நட்சத்திரம் வெளியே இருக்கும் நிமிடங்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். சாயம் அங்கேதான் வெளுக்கும்.

2024-25இல் டென்வர் அணியின் யோகிச் ஆட்டத்துக்குச் சராசரியாக 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 10.2 அசிஸ்ட் (கூடை விழ வைக்கும் பாஸ்). டென்வருக்கு 50 வெற்றி. ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் 32.7 புள்ளி, அவருடைய அணி ஓக்லஹோமாவுக்கு 68.

முதலிட வாக்கு 71-29. ஷேவுக்குக் கொடுத்தது சரி, இவ்வளவு இடைவெளிதான் அநியாயம். அந்த 68இல் பாதி வேலை ஓக்லஹோமா டிஃபென்ஸுடையது.