வெயிலில் காய்ந்த தடுப்பு மருந்து

மீனுக்குத் தடுப்பு மருந்து என்றாலே எங்கள் ஊரில் சிரிப்பார்கள். அதுவும் ஊசி இல்லாமல் தீவனத்தில் கலந்து கொடுக்கிறோம் என்று சொன்னபோது, "அப்ப போலியோ சொட்டு மாதிரியா?" என்றார் டீக்கடைக்காரர். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி.

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் ஒரு குளத்தை எங்கள் மகளிர் குழு குத்தகைக்கு எடுத்திருக்கிறது. யாரோ இறால் போட்டு, வெள்ளைப்புள்ளி நோயில் நொடித்துப்போய் விட்டுவிட்ட குளம். அதில் ஹாப்பா கட்டிக் கொடுவா மீன் குஞ்சு வளர்க்கிறோம். கொசுவலையைத் தலைகீழாகக் கட்டித் தண்ணீரில் இறக்கியது போல இருக்கும், அதுதான் ஹாப்பா. பொரிப்பகத்திலிருந்து ஓர் அங்குலக் குஞ்சாக வாங்குவோம். மூன்று, நான்கு அங்குலம் ஆனதும் வடக்குப் பக்கத்துக் கடலில் வலைக்கூண்டு போட்டு மீன் வளர்ப்பவர்களுக்கு விற்போம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010-இல் கடல் விராலைக் குஞ்சு பொரிக்க வைத்ததிலிருந்து இந்தப் பக்கம் கூண்டுப் பேச்சு அடிபடுகிறது. கூண்டு இருந்தால் குஞ்சு வேண்டும், அதில்தான் எங்கள் பிழைப்பு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் போய்ப் பார்த்தால், குஞ்சுகள் கறுத்துப்போய், பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றி ஓய்ந்ததும் வயிறு மேலே தெரிய மிதக்கும். தொட்டால் திடுக்கென்று மறுபடி சுற்றும். ஆறே நாளில் பத்தில் எட்டு போய்விட்டது. சோதனைக்கு அனுப்பியதில் நோடா வைரஸ் என்று வந்தது. மூளையிலும் கண்ணிலும் புகுந்து ஓட்டை ஓட்டையாக அரித்துவிடுமாம், அதனால்தான் அந்தச் சுழற்சி. தாய் மீனிடமிருந்து முட்டை வழியாகவும் வரும், தண்ணீர் வழியாகவும் பரவும். குஞ்சு கொடுத்த பொரிப்பகத்தில் கேட்டதற்கு, "எங்களிடம் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது" என்று முடித்துக்கொண்டார்கள். குளத்தை வற்றவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு, பாளம் வெடிக்கும்வரை காயவிட்டோம். மனுசருக்கு இந்த நோய் ஒட்டாது என்று ஊரில் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.

அதனால்தான் போன வருடம் ஓர் ஆய்வுக் குழுவிலிருந்து ஒரு தம்பி வந்து, வாய்வழித் தடுப்பு மருந்தை உங்கள் ஹாப்பாவில் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதும் உடனே சரி என்றேன். இந்த நோய்க்குச் சென்னையில் இருக்கும் சிபா என்ற உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நோடாவாக்-ஆர் என்று ஊசி மருந்தே உருவாக்கியிருக்கிறது. ஆனால் என் குஞ்சு ஒரு கிராம்தான் இருக்கும். அதைப் பிடித்து ஊசி குத்துவது எங்கே! மூவாயிரம் குஞ்சை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தால் நோய் வருவதற்கு முன்னால் நாமே கொன்றுவிடுவோம்.

வாய்வழி என்றால் அதற்கு வேறு தொல்லை. மருந்து என்பது அந்த வைரஸின் மேலுறைப் புரதம். சும்மா தீவனத்தில் கலந்தால் மீனின் இரைப்பை அமிலம் அதையும் சோறு மாதிரி செரித்துவிடும். எதிர்ப்பு சக்தியைக் கிளப்ப வேண்டுமென்றால் அது குடலின் பின்பகுதிவரை உருக்குலையாமல் போக வேண்டும். அதனால் புரதத்தைப் பொடிப்பொடி உருண்டையாக்கி, மேலே ஆல்ஜினேட் பூசியிருந்தார்கள். அமிலத்தில் அது இறுகி நிற்கும், குடலுக்குள் போனதும் இளகிவிடும். ஆல்ஜினேட் எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். கடல்பாசி என்றார். எந்தப் பாசி என்று கேட்டு, கைபேசியில் படத்தைப் பார்த்தால், நம்ம கட்டக்கோரை! காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்கி, என் மாமியார் முப்பது வருடம் பறித்த பாசி. அவரிடம் சொன்னதற்கு, "அதுக்கு எங்களுக்கு என்ன வெல குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மொத்தம் ஆறு ஹாப்பா, ஒவ்வொன்றிலும் ஐந்நூறு குஞ்சு. நாலுக்கு மருந்துத் தீவனம், இரண்டுக்கு வெறும் தீவனம். இங்கேதான் எனக்கும் தம்பிக்கும் வாக்குவாதம். ஆறுக்கும் கொடுத்துவிடலாமே, என் குஞ்சுதானே என்றேன். "எல்லாத்துக்கும் கொடுத்துட்டா, நோய் வராததுக்கு மருந்து காரணமா, நம்ம அதிர்ஷ்டம் காரணமான்னு எப்படிக்கா தெரியும்?" என்றார். அரைமனதாக ஒப்புக்கொண்டேன்.

ஐந்து நாளுக்கு வேண்டிய மருந்துத் தீவனம் ஒரு கிலோவுக்கும் குறைவு. தார்ப்பாயில் குருணைத் தீவனத்தைப் பரப்பி, மருந்துக் கரைசலைக் கைத்தெளிப்பானில் தெளித்துப் பிசறி, நிழலில் ஆறவிட்டு, அப்புறம் மீன் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் புரட்ட வேண்டும். எண்ணெய்ப் பூச்சு இல்லையென்றால் தண்ணீரில் விழுந்ததுமே மருந்து கரைந்து குளத்துக்குப் போய்விடும். தெளித்துப் பிசறும்வரை சரியாகத்தான் செய்தோம். நிழலில் பரப்பிவிட்டுத் தம்பியை பஸ் ஏற்றிவிட்டு வந்தால், தார்ப்பாய் முற்றத்தின் நடுவில் சுள்ளென்ற வெயிலில் கிடக்கிறது. "ஈரமா கெடந்துச்சு, காக்கா வேற வந்துச்சு, அதான் வெயில்ல இழுத்துப் போட்டேன்" என்றார் மாமியார். கருவாட்டு வீட்டில் பிறந்தவர், ஈரமான எதைப் பார்த்தாலும் வெயிலுக்குத்தான் கொண்டுபோவார். அவரிடம் முன்னாலேயே சொல்லாதது என் தப்பு. சூட்டில் புரதம் கெட்டிருக்கும், கொடுக்க வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். மறுபடி மருந்து வர நாலு நாள் ஆனது.

இரண்டாம் முறை கலந்தது ஃப்ரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. கரண்டு போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

கலப்பதைவிடக் கொடுப்பதுதான் பெரும்பாடு. கொடுவா அடியில் விழுந்த தீவனத்தைப் பெரும்பாலும் தொடாது, இறங்கிவரும்போதே கவ்வினால்தான் உண்டு. அதனால் நாற்பது கிராமை ஒரு ஹாப்பாவுக்கு அரைமணி நேரம் சிட்டிகை சிட்டிகையாகத் தூவ வேண்டும். முந்தின சாயங்காலமே தீவனத்தை நிறுத்திப் பசிக்கவிட்டிருந்தோம். பெரியது முந்திக்கொண்டு ரெண்டு பங்கு தின்னும், சின்னது மூலையில் ஒதுங்கி நிற்கும். ஊசியென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, இதில் அப்படியில்லை. தின்ற அளவுதான் மருந்து. மூன்று நாள் முன்னாலேயே குஞ்சுகளைத் துளை போட்ட வாளியில் அலசிப் பெரிசு சிறிசாகப் பிரித்து வைத்தும், முதல் நாள் இந்தக் கதைதான். இரண்டாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் ஒரு ஓரத்தில் தூவிப் பெரியதுகளை இழுப்பேன், அதே நேரம் என் மகள் எதிர்மூலையில் சத்தமில்லாமல் தூவுவாள். கச்சான் காற்று தூக்கி அடித்த நாளில் குருணை பாதி வலைக்கு வெளியே போனது. அன்றைக்கு ஒரு ஹாப்பாவுக்கு மருந்து குறைந்ததை மறைக்காமல் நோட்டில் எழுதிவைத்தேன்.

ஐந்து நாள் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஐந்து நாள்.

மொத்தம் ஐந்து வாரம் ஆனபோது வந்து, ஒவ்வொரு ஹாப்பாவிலும் பத்துக் குஞ்சு எடுத்து, வால் பக்கம் ரத்தம் உறிஞ்சிக்கொண்டு போனார்கள். அறுபதுக்கும் காசு கொடுத்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. முடிவு வந்ததும் தம்பி போனில் சொன்னார். மருந்து தின்றவற்றின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது, ஆனால் ஒரே சீராக இல்லை. சிலவற்றில் நன்றாக ஏறியிருக்கிறது, சிலது மருந்தே தின்னாதது மாதிரி. எனக்கு ஆச்சரியமாக இல்லை. மூலையில் நின்றதுகளை நான்தான் பார்த்தேனே.

அந்தத் தடவை நோய் வரவில்லை. மிச்சம் இருந்ததையெல்லாம் தோணித்துறைக்காரர் ஒருவர் கூண்டுக்கு வாங்கிக்கொண்டார். டீக்கடையில், "மருந்து நல்லா வேலை செஞ்சிருச்சு போல" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல? மருந்து தின்னாத அந்த இரண்டு ஹாப்பாவிலும்தான் நோய் வரவில்லை.