முட்டையை வேட்டையாடவும்

ஜூன் 3

காலையில் திறந்த கோப்பின் நாலாவது வரி: "தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டு, முட்டையை மெதுவாக வேட்டையாடவும்."

இரண்டு தடவை படித்தேன். அப்புறம் வாய்விட்டுப் படித்தேன். அடுக்களையிலிருந்து அத்தை, "முட்டை என்ன ஓடவா போகுது?" என்று கேட்டார்.

சமையல் செயலி ஒன்றுக்கான வேலை இது. இயந்திரம் மொழிபெயர்த்துத் தள்ளும், நான் திருத்தித் தரவேண்டும். ஆங்கிலத்தில் இருந்த சொல் 'போச்' (poach). கொதிக்காத நீரில் மெல்ல வேகவிடுவதும் அதுதான், திருட்டுத்தனமாக வேட்டையாடுவதும் அதுதான். நிறுவனத்தின் சொற்பட்டியலில் அதற்கு 'வேட்டையாடு' என்று பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். மேலே கை வைத்தால் சிவப்புக் கோடு விழுகிறது. எந்த மடையன் இப்படிப் பூட்டினான் என்று பழைய பதிவுகளைத் தோண்டினால், நான்தான். இரண்டு வருடம் முன்பு வனவிலங்கு பற்றிய ஒரு கையேட்டுக்குச் செய்த பட்டியல் அது.

பூட்டைத் திறக்கச் சொல்லிக் கடிதம் போட்டேன். ஒரு சொல்லுக்கு ஒரே பெயர்ப்பு என்பது விதியாம். கூடுதலாக வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி அனுப்ப வேண்டுமாம். சரி.

ஜூன் 5

முட்டையில் தொடங்கினேன். பழைய பிரெஞ்சில் 'பை' என்பதற்கான சொல்லிலிருந்து வந்ததாம் இந்த 'போச்'. வெள்ளைக்கரு ஒரு பை மாதிரி மஞ்சள் கருவைச் சுற்றி மூடிக்கொள்வதால் அப்படிப் பெயர். நல்ல பெயர்தான். ஆனால் செய்து பார்க்காமல் செய்முறையைத் திருத்த எனக்கு மனசு வருவதில்லை.

முதல் முட்டை தண்ணீரில் கிழிந்த துணி மாதிரி பரவிவிட்டது. தண்ணீர் தளதளவென்று கொதித்ததுதான் தப்பு. அடியில் சின்னக் குமிழிகள் எழுந்தால் போதும், 80 டிகிரி அளவில். முட்டை புதிதாகவும் இருக்க வேண்டும். நாள்பட்ட முட்டையில் வெள்ளைக்கரு நீர்த்துப்போய்விடுவதால் அது பிரிந்து ஓடும். இரண்டாவது முட்டையைச் சல்லடைக் கரண்டியில் உடைத்து, நீர்த்த பகுதியை வடியவிட்டுப் போட்டேன். கொஞ்சம் தேவலை. மூன்றாவது பை மாதிரியே வந்தது. படம் எடுப்பதற்குள் பையன் தின்றுவிட்டான்.

அத்தை இதையெல்லாம் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குப் போயி இத்தனை பாடா?" என்று சொல்லிவிட்டு, ராத்திரி முட்டைக் குழம்பு வைத்தார். அவித்த முட்டை போடுவது இல்லை, உடைத்து ஊற்றுவது. குழம்பு கொதித்துச் சுண்டி எண்ணெய் பிரிந்ததும் தீயைக் குறைத்தார். ஓரமாக ஒவ்வொரு முட்டையாக உடைத்துவிட்டார். மூடினார். கரண்டியை என் கையில் கொடுக்கவே இல்லை, நான் கிண்டிவிடுவேனாம். அஞ்சு நிமிஷம் கழித்துத் திறந்தால் நாலு பைகள்.

நான் காலையிலிருந்து மூன்று முட்டையை வைத்து மல்லுக்கட்டிய அதே வேலைதான் இது. வினிகர் செய்வதைப் புளி செய்கிறது. நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கிற காரியத்துக்குத்தான் நான் சொல் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். மீன் குழம்பிலும் மீனைப் போட்ட பிறகு யார் தளதளவென்று கொதிக்கவிடுகிறார்கள்?

பட்டியலில் எழுதியது: முட்டை என்றால் 'உடைத்து ஊற்றி வேகவிடு'. மீன், கோழி, பேரிக்காய் என்றால் 'கொதிக்காமல் மெல்லிய சூட்டில் வேகவிடு'. நீளம்தான். சாப்பாட்டில் தப்பு வராது.

ஜூன் 6

அத்தைக்கு 'போச்' காதில் 'போச்சு' என்றே விழுகிறது. நான் தொலைபேசியில் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் உள்ளேயிருந்து "எது போச்சு?"

ஜூன் 9

வேட்டைக்கு வருகிறேன். அன்றைக்கு ஏன் வெறும் 'வேட்டையாடு' என்று போட்டேன்? 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. சட்டத்தின் வரையறை அப்படி. சட்டம் வேட்டை என்று சொல்லும்போது கொல்வதை மட்டும் சொல்லவில்லை. விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை போட்டு இழுப்பது, அதற்கெல்லாம் முயற்சி செய்வதுகூட அதில் வருகிறது. படித்துக்கொண்டே போனால், காட்டுப் பறவைகள், ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டையாம்.

ஆக, முட்டையை வேட்டையாட முடியும். சட்டப்படி. இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன்.

ஆனால் தமிழில் வேட்டை என்ற சொல்லுக்குத் தனியாகக் குற்றம் ஏதும் கிடையாது. கண்ணப்பர் வேட்டுவர். கோயில்களில் சாமியே பாரிவேட்டைக்குப் புறப்படுகிறார். குற்றமாக்க வேண்டுமென்றால் முன்னால் ஒரு 'கள்ள' போட வேண்டியிருக்கிறது: கள்ளச் சாராயம், கள்ள நோட்டு, கள்ள ஓட்டு, கள்ள வேட்டை.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. கள்ளத்தனம் என்றால் யாரிடமிருந்து? ஆங்கிலச் சொல்லில் அந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது: நிலக்கிழாரிடமிருந்து. 1723இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் திருடப் போனால் தூக்கு. மானுக்காக வந்த சட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே கண்ணோட்டம் மலையேறி நீலகிரிக்கும் வந்தது. 1879இல் போட்ட வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமச் சீட்டு வாங்கியவர் சுட்டால் அது 'ஷிகார்', கௌரவமான வேட்டை. வழிவழியாக அந்தக் காட்டில் உடும்பு பிடித்தவரிடம் சீட்டு ஏது? அவர் செய்தது 'போச்'. ஒரே மலை, ஒரே செயல், இரண்டு சொல். 1972க்கு அப்புறம் காட்டு விலங்கைக் காப்பதுதான் நோக்கம் என்று ஆனபோதும் சொல் மட்டும் பழையதாகவே நிற்கிறது.

ஜூன் 11

சத்தியமங்கலம் பக்கம் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்த ஒருவர் எங்கள் மாமாவுக்குப் பழக்கம். நம்பர் வாங்கிப் பேசினேன். 'கள்ள வேட்டை' என்று நீங்கள் பேச்சில் சொல்வீர்களா என்று கேட்டேன்.

"ஏனுங்க அம்மணி, அதெல்லாம் ரிப்போர்ட்ல எழுதறதுங்க. நாங்க சுருக்கு வெச்சவன், அவுட்டுக்காய் வெச்சவன், துப்பாக்கிக்காரன்னுதான் சொல்லுவோம்."

கருவியை வைத்து ஆளைப் பிரிக்கிறார்கள். காரணமும் சொன்னார். சுருக்கு வைத்தவன் முயலுக்கோ மானுக்கோ வைத்திருப்பான். பைக் கிளட்ச் கம்பி இருந்தால் போதும். ஆனால் கம்பிக்கு எது மான், எது சிறுத்தை என்று தெரியாது. அவுட்டுக்காய் இன்னும் மோசம். காட்டுப்பன்றிக்காகத் தீனிக்குள் வைக்கிற நாட்டு வெடி அது. யானை கடித்தால் வாய் சிதைந்துபோகும். உடனே சாகாது. தின்ன முடியாமல், தண்ணீர் குடிக்க முடியாமல், பல நாள் அலைந்து விழும்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவர், "நீங்க என்ன எழுதறீங்கன்னு சொல்லுங்க, புள்ளைகிட்ட படிக்கச் சொல்றேன்" என்றார்.

'கள்ள வேட்டை' என்று எழுதி, அடித்து, 'சட்டவிரோத வேட்டை' என்று மாற்றினேன். தட்டையான சொல்தான், அரசாணை வாசனை வேறு. ஆனால் யார் சொத்து என்ற பேச்சை அது எடுக்கவில்லை.

ஜூன் 17

கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இனி எல்லை தாண்டிப் பிடிபடும் செய்திகளும் வரும். கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலப் பத்திரிகைகளில் பாக் நீரிணைச் செய்திகளுக்கும் இதே 'போச்' சொல்தான். நான் 'எல்லை தாண்டி மீன்பிடித்தல்' என்று எழுதி, யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு மெய்ப்புப் பார்த்துத் தரும் தங்கைக்கு அனுப்பினேன். குரல் பதிவில் பதில் வந்தது.

"அக்கா, எல்லை தாண்டினது எண்டு மட்டும் போட்டால், ரோட்டைத் தாண்டின மாதிரியெல்லோ கிடக்கு. எங்கட ஆக்களின்ர வலையை அறுத்துக்கொண்டு போறது எங்க வருது?"

அவள் சொன்னது இழுவைமடியை. கடலடியை வாரிக்கொண்டு போகும் அந்த முறையை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடை செய்தது. அங்கே சின்னப் படகில் வலை விரிப்பவர்களும் தமிழர்கள்தான். அவர்கள் சொல்வது 'அத்துமீறிய மீன்பிடி'. இந்தப் பக்கம் ராமேசுவரத்துக்காரர்களைக் கேட்டால், 1974இல் இந்தியாவும் இலங்கையும் காகிதத்தில் கடல் எல்லைக் கோடு போடுவதற்கு முன்பே எங்கள் பாட்டன் அங்கே மீன்பிடித்தான் என்பார்கள். அதுவும் பொய்யில்லை.

நம் செய்தித்தாள்களில் வருகிற 'எல்லை தாண்டியதாக' என்பதில் அந்த 'ஆக' எவ்வளவு வேலை பார்க்கிறது என்று இன்றுதான் கவனித்தேன். தங்கையிடம் சொன்னேன். "அந்த 'ஆக' எங்களுக்கில்லை அக்கா" என்றாள். இரண்டையும் பட்டியலில் போட்டு, எந்தக் கரை வாசகருக்கு எது என்று குறித்தேன். இதைவிட நேர்மையாக என்ன செய்வதென்று எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 20

போட்டி நிறுவனத்திலிருந்து ஊழியரை இழுப்பதும் 'போச்'. மென்பொருள் ஆட்களின் பேச்சில் 'ஆளைத் தூக்கிட்டாங்க'. இதற்குக் கள்ள வேட்டை என்று பெயர் வைத்தவர் கண்டிப்பாக முதலாளியாகத்தான் இருக்க வேண்டும். தூக்கப்பட்டவருக்குச் சம்பளம் அல்லவா கூடுகிறது? அமெரிக்காவில் கூகுள், ஆப்பிள், இன்டெல் எல்லாம் ஒருவர் ஆளை ஒருவர் தூக்க மாட்டோம் என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதை 2010இல் அந்நாட்டு நீதித்துறை கேள்வி கேட்டது. பிறகு ஊழியர்கள் போட்ட வழக்கு 41.5 கோடி டாலரில் முடிந்தது. அங்கே குற்றம், தூக்காமல் இருந்தது!

பட்டியலில்: 'ஆள் இழுப்பு'.

ஜூன் 21

டென்னிஸ் இரட்டையரில் வலைப்பக்கம் நிற்பவர் கூட்டாளிக்கு வந்த பந்தில் பாய்ந்து அடிப்பது: 'குறுக்கே பாய்ந்து அடித்தல்'. மாடுகள் ஈர நிலத்தை மிதித்துக் குழப்புவது: 'மிதித்துச் சேறாக்குதல்'. இரண்டும் பத்து நிமிஷம்.

ஜூன் 24

பட்டியலைக் காரணங்களோடு அனுப்பினேன். எட்டுப் பெயர்ப்பு, ஐந்து பக்கம். மாலையே பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்களாம், பூட்டும் திறந்தாயிற்று, விலைப்பட்டியல் அனுப்பலாம்.

எங்கள் தொழிலில் கூலி மூலச்சொல் கணக்கில். மூலத்தில் இருந்தது ஒரு சொல். இரண்டு ரூபாய்.

அத்தையிடம் சொன்னேன். "போச்சா?" என்றார்.