கையைத் தூக்க முடிந்ததா?

கல்லூரி இரண்டாம் ஆண்டில் தொடங்கியது. விடிகாலையில் முழிப்பு வரும். மேலே மின்விசிறி சுற்றுவது தெரியும், ஆனால் ஒரு விரல்கூட அசையாது. கட்டில் ஓரத்தில் கறுப்பாக யாரோ நின்று நெஞ்சை அழுத்துவார்கள். அப்பத்தா "அமுக்குவான் பேய்" என்று தலைமாட்டில் அரிவாள் வைத்தார்.

முதலில் பார்த்த மனநல மருத்துவர், யார் தெரிகிறார்கள், குரல் கேட்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். எப்போது என்று கேட்கவில்லை. மனச்சிதைவு என்று எழுதினார். எட்டு மாதம் மாத்திரை. அதற்கு முன்பே வகுப்பில் தூங்கி விழுகிறவள் நான். அதையும் மாத்திரையின் கணக்கில் சேர்த்துவிட்டோம்.

அப்புறம் ஒரு தூக்க மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த நேரத்துல கையைத் தூக்க முடிஞ்சுதாம்மா?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

கனவு காணும் தூக்கத்தில் மூளை கை கால் தசைகளைத் தளர்த்தி வைக்கும். கண்ணும் மூச்சுக்கான உதரவிதானமும் மட்டும் இயங்கும். தசை விடுபடுவதற்குள் முழிப்பு வந்துவிட்டால், கனவு நம் அறைக்குள்ளேயே நடக்கும்.

மனநல மாத்திரையை அவர் மேற்பார்வையில் படிப்படியாக நிறுத்தி, சில வாரம் கழித்துப் பரிசோதனை. தலைமுடிக்குள் பிசின் தடவி வயர்களை ஒட்டினார்கள். ஓர் இரவு அங்கேயே தூக்கம். மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாக ஐந்து குட்டித் தூக்கம். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டாலே சந்தேகம்தான். நான் 4 நிமிடத்தில் தூங்கியிருந்தேன். ஐந்தில் மூன்று தடவை நேராகக் கனவுத் தூக்கத்துக்குள் போயிருந்தேன். பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நார்கோலெப்சி என்ற நோய் என்றார்.

முழித்த பிறகும் அசைய முடியாத அந்த நிலைக்கு, 'தூக்க வாதம்' என்ற பொருளில் பெயர் வைத்தவர் லண்டன் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன், 1928-ல். மூன்றே வருடத்தில் உளப்பகுப்பாய்வாளர் எர்னஸ்ட் ஜோன்ஸ், நெஞ்சை அமுக்கும் கொடுங்கனவுக்கு அடக்கிவைத்த பாலுணர்வே காரணம் என்று புத்தகமே எழுதினார். கனவுத் தூக்கத்தைச் சிகாகோவில் கண்டறிந்து எழுதியது 1953-ல்தான். ஜோன்ஸ் காலத்தில் அது தெரியாது, சரி. என் காலத்தில் தெரியும். நார்கோலெப்சிக்காரர்கள் மனச்சிதைவு என்று தவறாக மாத்திரை சாப்பிட்ட கதைகள் மருத்துவ இதழ்களிலேயே இருக்கின்றன. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது பகல் தூக்கத்துக்கு மாத்திரை உண்டு. மல்லாந்து படுப்பதில்லை. எப்போதாவது அந்த உருவம் வருகிறது. மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டு கிடப்பேன், போய்விடும்.

பழைய மருத்துவமனைக் கோப்பில் மட்டும் மனச்சிதைவு என்ற அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. புது அறிக்கையின் நகலை இணைத்து, திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.