கைக்குட்டை சுற்றிய மைக்

ஆடி பிறந்தால் எங்கள் பெங்களூர் அல்சூரில் மாரியம்மனுக்குக் கூழும் ராத்திரி மேடைக் கச்சேரியும்தான். அந்த மேடைகளில் கீபோர்டு வாசித்தே வளர்ந்தவன் நான். இப்போது சொந்தமாக ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறேன். என்னிடம் பாடிய ஒருவனைப் பற்றி இன்றைக்காவது எழுதிவிட வேண்டும்.

மர்ஃபி டவுன் பையன், அப்போது 19 வயது. டீக்கடை வாசலில் நின்றபடியே பழைய சினிமா காமெடி நடிகர் சந்திரபாபுவின் பாட்டு ஒன்றை எடுத்தான். யோட்லிங்கில் குரல் அடியிலிருந்து சட்டென்று தாவி உச்சிக்குப் போய்த் திரும்புமே, அந்த இடத்தில் ஒரு கீறல் இல்லை. என் கையிலிருந்த டீ ஆறிப்போனது. இரண்டே வருடத்தில் பேனரில் அவன் முகம்தான் பெரிதாக இருந்தது. அவன் வரமாட்டான் என்றால் கல்யாண வீட்டில் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள்.

சந்திரபாபுவைக் குடி எப்படி அழித்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1974இல் போனபோது அவருக்கு 46 வயதுதான். ஆனால் எங்கள் ஆட்கள் சொன்னது: "ரெண்டு பெக் போட்டாத்தான் தம்பிக்குள்ள சந்திரபாபு இறங்குவாரு." மாப்பிள்ளை வீட்டார் ஊற்றிக் கொடுத்தார்கள், விழாக் கமிட்டி கொடுத்தது. நானும் கொடுத்தேன். வேனில், தண்ணீர் பாட்டிலில் கலந்து, என் கையாலேயே. டீக்கடையில் பாடிய அன்று அவன் வயிற்றில் டீயைத் தவிர ஒன்றுமில்லையே, அது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

23 வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. மைக்கில் கைக்குட்டையைச் சுற்றி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பான். ஸ்டைல் என்று நினைத்துக் கீழே பையன்கள் விசில் அடித்தார்கள். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினேன்.

இங்கிலாந்துப் பாடகி ஏமி வைன்ஹவுஸின் பெல்கிரேடு கச்சேரி வீடியோவை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். 2008இல் ஒரே ராத்திரியில் ஐந்து கிராமி வாங்கிய பெண். 2011 ஜூன் 18 அன்று அந்த மேடையில் வரி மறந்து தள்ளாடுகிறாள், கூட்டம் கூச்சலிடுகிறது. ஐந்து வாரத்தில், 27 வயதில் இறந்துபோனாள். 100 மில்லி ரத்தத்தில் 416 மில்லிகிராம் ஆல்கஹால். இங்கிலாந்தில் வண்டி ஓட்ட 80தான் வரம்பு. கூச்சலிட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நிலையில் அவளை மேடையேற விட்டது யார் என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

எங்கள் பையன் ஒருநாள் தானாகவே நிறுத்தினான். மூன்றாம் நாள் வலிப்பு வந்து விழுந்தான். பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகுமாம், டாக்டர் பார்வையில்தான் விட வேண்டுமாம். நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இது இரண்டாவது தடவை.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவோடு போயிருந்தேன்.

"ஆடிக்கு யாரைப் போட்டிருக்கீங்கண்ணே?"

"புதுப் பையன்டா."

"யோட்லிங் வருமா அவனுக்கு?"

"வராது."

பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, மெல்ல எடுத்தான். தாவ வேண்டிய இடத்தில் குரல் உடைந்து வெறும் காற்று வந்தது. மறுபடி எடுத்தான். அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து, இட்லியைப் பிட்டு அவன் கையில் வைத்தாள்.