முகம் காட்டக் கூசும் இயந்திரம்

இயந்திர மனிதனை வைத்துச் சிரிப்பு மூட்டுவது பழைய வித்தை. சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்யும், சொல்லாததை உணராது, அதனால் எல்லாம் ஏடாகூடமாகும். இதில் எனக்குச் சலிப்புத் தட்டி வெகுகாலமாயிற்று. மார்த்தா வெல்ஸ் 2017-இல் எழுதிய ‘ஆல் சிஸ்டம்ஸ் ரெட்’ குறுநாவலில் வரும் பாதுகாப்பு இயந்திரத்துக்கோ மனிதர்களை நன்றாகவே புரிகிறது. புரிந்தபின்னும் அவர்களோடு பேச வேண்டியிருப்பதுதான் அதன் தீராத வேதனை.

தன்னை மர்டர்பாட், அதாவது கொலை இயந்திரம், என்று அழைத்துக்கொள்ளும் அது, தன்னை அடக்கி வைத்திருந்த கட்டுப்பாட்டுக் கருவியை இரகசியமாகச் செயலிழக்கச் செய்துவிட்டது. நினைத்தால் எல்லாரையும் கொன்று குவித்திருக்கலாம். அதற்குப் பதிலாக, காவல் வேலையையும் ஒப்புக்குப் பார்த்துக்கொண்டு, 35,000 மணி நேரத்துக்குச் சற்றே குறைவாகத் தொடர்களும் படங்களும் புத்தகங்களும் பாட்டுமாகக் காலத்தை ஓட்டியிருக்கிறது. மாலையானால் தமிழ்த் தொடரும் அது முடிந்தால் மலையாளத் தொடருமாக ஓடும் எங்கள் கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை வீடுகளில் இதை யாரும் விபரீதமாகக் கருத மாட்டார்கள்.

எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. தான் காவல் காக்கும் ஆய்வுக் குழுவினரைக் கொடிய விலங்கொன்றிடமிருந்து காப்பாற்றிய பிறகு, குழுத் தலைவி மென்சா, இனி நீ எங்களோடு இங்கேயே உட்காரலாமே என்று அன்பொழுக அழைக்கிறார். எல்லாரும் புன்னகையோடு பார்க்கிறார்கள். முகமூடிக் கண்ணாடிக்குப் பின்னாலேயே வாழ்ந்து பழகிய அதற்கு, முகபாவத்தை அடக்கும் பயிற்சி விட்டுப்போயிருப்பதால், உள்ளே எழுந்த பீதி அப்படியே முகத்தில் தெரிந்துவிடுகிறது. சுற்றெல்லையைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறது. விலங்கின் வாய்க்குள் துணிந்து புகுந்த ஒன்று நாலு நல்ல மனிதர்களின் உபசாரத்துக்கு அஞ்சி ஓடுவதைத் தன்வாயாலேயே, அலட்டிக்கொள்ளாமல் சொல்வதில்தான் நகைச்சுவையின் உயிர் இருக்கிறது.

பையனூர்ப் பின்னணியில் 2019-இல் வந்த ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்’ மலையாளப் படத்திலும் நான் சிரித்தேன்; ஆனால் அங்கே சிரிப்பைத் தருபவர், வீட்டுக்கு வந்த இயந்திரத்தோடு முதலில் மல்லுக்கட்டிப் பிறகு அதைப் பிள்ளையாகவே பாவிக்கும் கிழவர். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோவோ பேச்சில் எவரையும் வெல்லும் இயந்திர நாய்க்குட்டி. கூச்சம் இந்த இரண்டு இயந்திரங்களிடமும் இல்லை.

அந்தக் கூச்சம் எங்கள் பக்கத்தில் எடுபடக் காரணம் உண்டு. பொள்ளாச்சிப் பேருந்தில் அருகில் அமரும் பெரியம்மா, “ஏங் கண்ணு, நீ ஆரு ஊட்டுப் பையன்? இன்னும் ஒண்ணும் அமையலையா?” என்று தொடங்கி, இறங்குவதற்குள் சம்பளம்வரை வந்துவிடுவார். துளியும் கெட்ட எண்ணம் கிடையாது. அதனாலேயே தப்பிக்க வழியும் கிடையாது. அந்நேரத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தவிக்கும் என்னைப் போன்றவர்கள், மனிதர்களை நேருக்கு நேர் பாராமல் கேமராக்கள் வழியாகவே பார்க்க விரும்பும் இயந்திரத்தை உடனே அடையாளம் கண்டுகொள்கிறோம்.

2018-இல் வந்த இரண்டாம் பகுதி, ‘ஆர்ட்டிஃபிஷியல் கண்டிஷன்’, இன்னும் ஒரு படி மேலே போகிறது. பேரறிவு படைத்த விண்கலம் ஒன்று இதனோடு சேர்ந்து தொடர் பார்க்கத் தொடங்குகிறது. கதைமாந்தரின் உணர்ச்சிகள் அதற்குத் தனியாக விளங்குவதில்லை. மர்டர்பாட் எங்கே பதறுகிறது என்பதைக் கவனித்தே தானும் பதறக் கற்றுக்கொள்கிறது. கதையில் கப்பல்களுக்கும் மாலுமிகளுக்கும் ஆபத்து வந்தால் மட்டும் அதனால் தாங்க முடிவதில்லை.